பழைய யுஎஸ்பி டிவிடி டிரைவைப் பிரித்துப் பாகங்களைப் பயன்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலமாரியில் சும்மா கிடக்கும் வெளிப்புற டிவிடி டிரைவை என்ன செய்யலாம் என்று நண்பர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் என்னிடம் பல முறை கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். லேசருக்கும் ஸ்டெப்பர் மோட்டாருக்கும் (படிப்படியாக நகரும் சிறு மோட்டார்) மட்டும் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளிப்புற டிரைவுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது?

பெரும்பாலானவற்றில் ஒரு பிளாஸ்டிக் கூடு, அதற்குள் லேப்டாப்பில் இருக்கும் அதே மெல்லிய டிவிடி டிரைவ், அதன் பின்புறம் செருகப்பட்ட விரலளவு கன்வெர்ட்டர் போர்டு. இவ்வளவுதான். டிரைவ் பேசுவது சாட்டா மொழி, கணினி கேட்பது யுஎஸ்பி மொழி. நடுவில் நின்று மொழிபெயர்ப்பதுதான் அந்தப் போர்டின் வேலை.

உள்ளிருக்கும் டிரைவின் தடிமன் பெரும்பாலும் இரண்டு அளவுகளில் வரும்: 12.7 மி.மீ. அல்லது 9.5 மி.மீ. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. மிக மெல்லிய சில டிரைவ்களில் தனிக் கன்வெர்ட்டர் போர்டு கிடையாது. டிரைவின் சொந்தப் போர்டிலேயே யுஎஸ்பி துளை பற்றவைக்கப்பட்டிருக்கும். இன்னொன்று, செங்கல் போல எடையுள்ள, தனி மின் அடாப்டரோடு வந்த பழைய வகை. அதற்குள் மேசைக் கணினியில் பொருத்தும் 5.25 அங்குல டிரைவ் இருக்கும். அதற்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டுமே வேண்டும். பாகங்களுக்காகப் பிரிப்பவருக்கு இந்தப் பெரிய வகை நல்ல வேட்டை. மோட்டார்களும் எஃகுக் கம்பிகளும் அதில் தடிமனானவை.

என் டிரைவ் இறந்துவிட்டது. உடனே பிரிக்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். என்னிடம் "இறந்துவிட்டது" என்று வந்த டிரைவ்களில் பல உயிரோடுதான் இருந்தன.

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அடுத்து மின்சாரம். யுஎஸ்பி 2.0 துளை தருவதற்கு உறுதி சொல்லும் மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், 3.0 துளை 900. டிரைவின் மேலிருக்கும் ஒட்டுத்தாளைப் படித்தால் பெரும்பாலும் 1 ஆம்பியருக்கு மேல் போட்டிருக்கும். வட்டு சுழலத் தொடங்கும் நொடியிலும், எழுதும்போதும் டிரைவ் அவ்வளவு கேட்கும். கிடைக்காவிட்டால் டக் டக் என்று ஒலி எழுப்பிவிட்டு நின்றுபோகும். நீளமான மலிவுக் கேபிள், மின்சாரம் இல்லாத யுஎஸ்பி ஹப் ஆகியவற்றை எடுத்துவிட்டுக் கணினியில் நேரடியாகச் செருகினாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். இரண்டு தலை கொண்ட ஒய் வடிவக் கேபிள்கள் வந்ததும் இதற்காகத்தான்.

சிடி படிக்கிறது, டிவிடி படிக்கவில்லை என்றால் (அல்லது இதற்கு நேர்மாறாக இருந்தால்) அதற்கும் காரணம் உண்டு. இரண்டுக்கும் வெவ்வேறு லேசர்கள். ஒன்று ஓய்ந்து மற்றொன்று நன்றாக இருக்கலாம். சிடி மட்டும் படிக்கும் டிரைவும் பழைய பாட்டு சிடிக்களைக் கணினிக்கு மாற்றப் போதும்.

இதைப் பிடிவாதமாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் அக்காவின் திருமண வீடியோ ஒரே ஒரு டிவிடியில்தான் இருந்தது. அத்தான் தன் டிரைவைக் கணினி அடையாளம் காணவில்லை என்று சொல்லி, பாகங்களுக்காக எடுத்துக்கொள் என்று என்னிடம் கொடுத்துவிட்டார். கூட்டைத் திறந்தபோது கன்வெர்ட்டர் போர்டின் யுஎஸ்பி துளை மட்டும் பற்றவைப்பு விட்டு ஆடிக்கொண்டிருந்தது. உள்ளிருந்த டிரைவை ஒரு பழைய லேப்டாப்பில் செருகியதும் வட்டு சுழன்றது. இன்று உயிரோடு இல்லாத எங்கள் தாத்தா அந்த வீடியோவில் பந்தியில் நின்று எல்லோரையும் சாப்பிடச் சொல்கிறார். அந்த டிரைவை நான் இன்றுவரை பிரிக்கவில்லை. உங்கள் வீட்டிலும் கணினிக்கு மாற்றாத வட்டுகள் இருந்தால் முதலில் அவற்றைப் படியெடுத்துவிடுங்கள். திருகாணிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

லென்ஸில் தூசி இருந்தால் எப்படித் துடைப்பது?

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒருமுறை தொட்டு எடுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள். அந்த லென்ஸ் தலைமுடி போன்ற மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. வளைந்துவிட்டால் டிரைவ் முடிந்தது.

பிரிக்க என்னென்ன கருவிகள் வேண்டும்?

கைபேசி பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும் சிறிய நட்சத்திரமுனை ஸ்க்ரூடிரைவர், பழைய ஏடிஎம் அட்டை, நிமிர்த்திய பேப்பர் கிளிப், முள்கவ்வி, மல்டிமீட்டர். பாகங்களுக்கு ஒயர் இணைக்க மெல்லிய முனை கொண்ட சால்டரிங் அயர்ன். திருகாணிகள் உருண்டோடாமலிருக்க ஓரம் உயர்ந்த ஒரு தட்டு. முனை தேய்ந்த ஸ்க்ரூடிரைவரால் இந்தச் சிறு திருகாணிகளைத் தொடாதீர்கள். தலை வழுக்கிவிட்டால் துளையிட்டு எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

கூட்டை உடைக்காமல் திறப்பது எப்படி?

யுஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். அடிப்பக்கத்து ரப்பர் கால்களுக்குக் கீழும், ஒட்டுத்தாளுக்குக் கீழும் திருகாணிகள் ஒளிந்திருக்கலாம். ஒட்டுத்தாளை விரலால் தடவிப் பார்த்தால் குழி தட்டுப்படும். திருகாணியே இல்லையென்றால் கூடு கொக்கிகளால் பூட்டப்பட்டது. பக்கவாட்டு இடைவெளியில் ஏடிஎம் அட்டையை நுழைத்து மெதுவாக நகர்த்துங்கள். ஒவ்வொரு கொக்கியாக விடுபடும் சத்தம் கேட்கும். இரும்பு முனையால் நெம்பினால் கூட்டில் வடு விழும், கையிலும் குத்தும்.

உள்ளிருக்கும் டிரைவை எடுத்ததும் கன்வெர்ட்டர் போர்டை நேராகப் பின்னுக்கு இழுங்கள். மேலும் கீழும் ஆட்டினால் செருகுமுனை உடையும்.

பாகங்கள்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் அடுத்த படி: முன்முகத்தில் ஊசித்துளை ஒன்று இருக்கும். பேப்பர் கிளிப்பை அதில் நேராக அழுத்தினால் மின்சாரம் இல்லாமலே தட்டு வெளியே வரும். பின் அடிப்பக்கத் திருகாணிகளைக் கழற்றித் தகட்டு மூடியை எடுங்கள். தகட்டின் ஓரம் கத்தி போல இருக்கும், விரல் பத்திரம். ரிப்பன் கேபிள்களைப் பிடுங்க வேண்டாம். அவற்றின் செருகுமுனையில் கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தில் ஒரு சிறு பூட்டு இருக்கும். அதை நகத்தால் தூக்கினால் கேபிள் தானாக வழுக்கி வரும். ஒவ்வொரு படியிலும் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

லேசர் உண்மையிலேயே ஆபத்தா? மூடியைத் திறந்தபடி இயக்கிப் பார்க்கலாமா?

ஆபத்துதான். திறந்தபடி இயக்க வேண்டாம்.

டிரைவின் மேல் "வகுப்பு 1 லேசர் பொருள்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் இது பாதுகாப்பானது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த வகுப்பு மூடிய பெட்டிக்கு உரியது. உள்ளிருக்கும் லேசரை மட்டும் எடுத்துப் பார்த்தால், எழுதும் டிரைவ்களில் அது பொதுவாக 3பி வகுப்பைச் சேரும். நேரடியாகக் கண்ணில் பட்டால் விழித்திரையை நிலையாகக் காயப்படுத்தக்கூடிய வகுப்பு அது. கூட்டங்களில் திரையைச் சுட்டிக்காட்டும் லேசர் 5 மில்லிவாட்டுக்குள் இருக்க வேண்டியது. டிவிடி எழுதும் லேசரோ நூறு மில்லிவாட்டைத் தாண்டக்கூடியது.

இதில் மிகவும் அஞ்ச வேண்டியது சிடி லேசர். டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு; புளூ-ரேக்கு 405 நானோமீட்டர் ஊதா; சிடிக்கு 780 நானோமீட்டர், அதாவது அகச்சிவப்பு. கண்ணுக்கு அது மிக மங்கிய சிவப்புப் புள்ளியாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. கண்கூசும் வெளிச்சம் பட்டால் நாம் கால் நொடியில் இமைத்துவிடுகிறோம். தெரியாத வெளிச்சத்துக்குக் கண் இமைப்பதில்லை. மங்கலாகத்தானே இருக்கிறது என்று குனிந்து பார்ப்பவருக்குத்தான் காயம்.

லென்ஸ் இருக்கும்வரை ஒளி ஓரிரண்டு மில்லிமீட்டரில் குவிந்து உடனே விரிந்துவிடும். லென்ஸைக் கழற்றிவிட்டால் அதே ஒளி மெல்லிய இணைகற்றையாக அறையைக் கடந்து போகும். எந்தக் கண்ணாடியிலும், எவர்சில்வர் தம்ளரிலும் பட்டுத் திரும்பும். இந்த லேசரைப் பிடுங்கித் தீக்குச்சி பற்றவைக்கும் காணொளிகள் ஏராளம். தயவுசெய்து அவற்றைப் பின்பற்றாதீர்கள். அந்தந்த அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் செய்யும் வேலையல்ல அது. சாதாரணக் குளிர்கண்ணாடி இதற்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

மின்சாரம் இல்லாதபோது லேசர் வெறும் உலோகத் துண்டு. அதனால் பிரிக்கும் வேலைக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. நான் மூடியைத் திறந்ததும் செய்யும் முதல் வேலை, லேசர் தலைக்குப் போகும் அகலமான ரிப்பன் கேபிளைக் கத்தரிப்பது. அதன் பிறகு யாராலும் தவறுதலாக அதை எரியவைக்க முடியாது. பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்பவர்கள் இந்தப் படியைத் தவறவிடக் கூடாது.

உள்ளிருக்கும் டிரைவை லேப்டாப்பில் போடலாமா?

போடலாம், தடிமன் ஒத்துப்போனால். 9.5 மி.மீ. டிரைவை 12.7 மி.மீ. இடத்தில் வைத்தால் ஆடும். மறுதலை நுழையவே நுழையாது. முன்முகப் பிளாஸ்டிக்கும் பின்புறத் தகரப் பிடியும் பழைய டிரைவிலிருந்து மாற்றிக்கொள்ளக் கூடியவை, கொக்கியும் இரண்டு திருகாணியும்தான். 2000களின் தொடக்கத்தில் வந்த டிரைவ் என்றால் பின்புறம் பார்த்துவிடுங்கள். அவற்றில் சாட்டாவுக்குப் பதிலாக ஐம்பது ஊசி கொண்ட பழைய ஐடிஇ செருகுமுனை இருக்கும். அது இன்றைய லேப்டாப் எதிலும் சேராது.

கன்வெர்ட்டர் போர்டைக் கொண்டு பழைய ஹார்டு டிஸ்கை யுஎஸ்பியில் இணைக்க முடியுமா?

எல்லோருக்கும் வரும் ஆசை இது. சில வேளைகளில் முடியும்.

தடை முதலில் செருகுமுனையில் வருகிறது. சாட்டாவின் தகவல் பகுதி இரண்டிலும் ஒன்றுதான், 7 தொடுமுனைகள். மின்சாரப் பகுதி வேறு: மெல்லிய டிவிடி டிரைவுக்கு 6, ஹார்டு டிஸ்குக்கு 15. ஆகவே 13 தொடுமுனை கொண்ட உங்கள் போர்டு 22 தொடுமுனை கொண்ட ஹார்டு டிஸ்கில் நேராகச் சேராது. இதற்கென்று மாற்றுச் செருகிகள் விற்கப்படுகின்றன. சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் பழைய போர்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டிக் கேட்பது நல்லது. பெயர் சொல்லிக் கேட்டால் குழப்பம்தான் வரும்.

செருகி கிடைத்தாலும் போர்டிலிருக்கும் சிப் ஒத்துழைக்க வேண்டும். சில சிப்கள் எதை மாட்டினாலும் கணினியிடம் சரியாக அறிமுகப்படுத்தும். சில, டிவிடி டிரைவைத் தவிர எதையும் மதிக்காது. மாட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அந்தப் போர்டில் 5 வோல்ட் மட்டுமே இருப்பதால், லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க், எஸ்எஸ்டி ஆகியவற்றை மட்டும் முயலுங்கள். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், முக்கியமான தகவல் இருக்கும் டிஸ்கை இப்படிப்பட்ட ஒட்டுப்போட்ட இணைப்பில் மாட்டாதீர்கள். ஹார்டு டிஸ்குக்கென்றே செய்த யுஎஸ்பி கேபிள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தப் போர்டின் சிறந்த பயன் வேறு: பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய இன்னொரு டிவிடி டிரைவை அதில் மாட்டி, வேலை செய்யும் ஒரு வெளிப்புற டிரைவை வீட்டில் வைத்துக்கொள்வது. லேசர் ஓய்ந்து, போர்டு நன்றாக இருப்பவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

பிரித்தால் கிடைப்பதிலேயே மதிப்புள்ள பாகம் எது?

சந்தேகமில்லாமல் ஸ்டெப்பர் மோட்டாரும் அதோடு சேர்ந்த நகர்வுப் பொறியும்தான்.

வட்டின் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி லேசர் தலை நகர வேண்டும். சிடியில் தகவல் 25 மி.மீ. ஆரத்தில் தொடங்கி 58 மி.மீ. ஆரம் வரை போகிறது. அந்தச் சுமார் 35 மில்லிமீட்டர் பயணத்துக்காக இரண்டு எஃகுக் கம்பிகள், ஒரு திருகுத் தண்டு, அதன் முனையில் சுண்டைக்காய் அளவு மோட்டார். மோட்டார் சுற்றினால் தண்டு சுற்றும். தண்டின் புரியில் பல் பதித்திருக்கும் லேசர் தலை நகரும். இதே அமைப்பைத் தனியாக வாங்கப் போனால் இந்த அளவில், இந்த நேர்த்தியில் எளிதாகக் கிடைக்காது. குப்பைக்குப் போகும் ஒவ்வொரு டிரைவோடும் இது போவதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கணக்கு எளிது. பரவலாகக் காணப்படும் வகையில் மோட்டார் ஒரு சுற்றுக்கு 20 படி எடுக்கும். தண்டு ஒரு சுற்று சுற்றினால் தலை 3 மி.மீ. நகரும். ஆக ஒரு படிக்கு 0.15 மி.மீ. மோட்டாருக்கு மின்சாரத்தை முறைப்படி அனுப்பும் டிரைவர் சிப்பில் ஒரு படியை எட்டாகப் பிரித்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 53.33 படி, பதினாறாகப் பிரித்தால் 106.67. இந்த மோட்டாரைக் கொண்டு வரைபொறி (பேனாவைத் தானாக நகர்த்தி வரையும் கருவி) செய்தால், இந்த எண்ணைத்தான் அதன் மென்பொருளில் உள்ளிட வேண்டும். உங்கள் டிரைவில் புரியின் அளவு மாறியிருக்கலாம். தலையை ஓர் ஓரத்தில் வைத்து நூறு படி ஓட்டி, எவ்வளவு நகர்ந்தது என்று அளவுகோலால் அளந்து சரிபாருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். பழைய மேசைக் கணினி சிடி டிரைவ்கள் சிலவற்றில் ஸ்டெப்பருக்குப் பதிலாகச் சாதாரண டிசி மோட்டாரும் பல்சக்கரங்களும் இருக்கும். மோட்டாரிலிருந்து நான்கு தடங்கள் வந்தால் ஸ்டெப்பர், இரண்டு வந்தால் டிசி.

அந்த மோட்டாரை எப்படி இயக்குவது? பேட்டரி கொடுத்தால் சுற்றவில்லையே.

சுற்றாது. ஸ்டெப்பருக்குள் இரண்டு தனிக் கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மாற்றி மாற்றி, திசை மாற்றி மின்சாரம் கொடுத்தால்தான் ஒவ்வொரு படியாக நகரும்.

முதலில் எந்த இரண்டு முனைகள் ஒரு சுருள் என்று கண்டுபிடியுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவுக்கு மாற்றி இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். ஒரே சுருளின் முனைகள் என்றால் பெரும்பாலும் 10 ஓமுக்கு அருகில் ஏதாவது காட்டும், இல்லையென்றால் ஒன்றும் காட்டாது. ஜோடி தெரிந்ததும் மெல்லிய ஒயர்களை மோட்டாரின் முனைகளிலேயே பற்றவையுங்கள். சூட்டைக் குறைத்து வைத்து, ஒரு முனைக்கு இரண்டு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். கீழிருக்கும் பிளாஸ்டிக் உருகினால் முனை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பற்றவைத்த இடத்தை மோட்டாரின் உடலோடு சிறிது பசை வைத்து ஒட்டிவிடுங்கள். ஒயர் ஆடி ஆடி அறுவதுதான் இந்தத் திட்டங்கள் பாதியில் நிற்பதற்கு முதல் காரணம்.

இயக்குவதற்கு ஓர் ஆர்டுயினோ (நிரல் ஏற்றி இயக்கும் சிறு கட்டுப்பாட்டுப் போர்டு), ஒரு டிரைவர் சிப். தொடக்கத்துக்கு எல்293டி போதும். 5 வோல்ட் கொடுத்தாலே மோட்டார் நகரும். நுண்படிகள், அதாவது மேலே சொன்னபடி எட்டாகவோ பதினாறாகவோ பிரித்த படிகள், வேண்டுமென்றால் ஏ4988. அதன் மோட்டார் பக்கத்துக்கு 8 வோல்ட்டுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். இங்கேதான் பலர் மோட்டாரை எரித்துவிடுகிறார்கள். 10 ஓம் சுருளில் 12 வோல்ட் தடையின்றிப் பாய்ந்தால் ஓர் ஆம்பியருக்கு மேல் போகும். இந்தச் சிறு மோட்டார் அதைத் தாங்காது. சிப் இருக்கும் போர்டில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு திருகை மிகக் குறைந்த அளவில் வைத்துத் தொடங்குங்கள். மோட்டார் படி தவறாமல் நகரும் வரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஐந்து நிமிடம் ஓடியபின் விரல் வைத்துப் பார்த்தால் இதமான சூடு இருக்கலாம். விரலை எடுக்கத் தோன்றினால் அதிகம்.

மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. ஏ4988 அந்த நொடியிலேயே போய்விடும். மின்சாரம் நுழையும் இடத்தில் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் போடுவதும் அவசியம்.

மோட்டார் முனகுகிறது, ஆனால் நகரவில்லை. என்ன தவறு?

இரண்டு சுருள்களின் முனைகள் கலந்து மாட்டப்பட்டிருக்கும். மல்டிமீட்டரை மறுபடி எடுங்கள். இணைப்பு சரியாக இருந்தும் முனகினால் வேகத்தைக் குறையுங்கள். அப்படியும் நகரவில்லையென்றால் எஃகுக் கம்பியில் பழைய கிரீஸ் இறுகியிருக்கும். துடைத்துவிட்டுத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.

இதை வைத்து என்ன செய்யலாம்?

அதிகம் பேர் செய்வது சிறு வரைபொறி. இரண்டு டிரைவ்களின் நகர்வுப் பொறிகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்துங்கள்: ஒன்று காகிதத்தை நகர்த்தும், மற்றொன்று பேனாவை. பேனாவைத் தூக்க எஸ்ஜி90 போன்ற ஒரு சிறு சர்வோ மோட்டார். ஆர்டுயினோவில் ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால், கணினியில் வரைந்த கோடு காகிதத்தில் விழும். பரப்பு ஏறத்தாழ 35 மி.மீ. சதுரம்தான், ஓர் அஞ்சல்தலையைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் ஒரு கோலம் அழகாக அடங்கும். புள்ளி வைத்துச் சுற்றி வரும் சிக்குக் கோலத்தைப் பரிந்துரைக்கிறேன். தொடங்கிய இடத்தில் கோடு வந்து சேரவில்லையென்றால் எங்கோ படி தவறியிருக்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். வரைபொறியைச் சோதிக்க அதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

பேனாவுக்குப் பதிலாக அதே டிரைவின் லேசரை மாட்டலாமா என்ற கேள்வி உடனே வரும். மேலே சொன்ன காரணங்களுக்காகவே வேண்டாம்.

வட்டைச் சுழற்றும் பெரிய மோட்டார் எதற்குப் பயன்படும்?

அது மூன்று கட்டப் பிரஷ் இல்லாத மோட்டார். பேட்டரியில் ஓடாது; பறக்கும் பொம்மைகளில் வரும் இஎஸ்சி போன்ற கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். 24 மடங்கு வேகத்தில் சிடி படிக்கும்போது அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தில் சமனில்லாத எதையும் அதில் ஒட்டாதீர்கள். கீறல் விட்ட வட்டும் அப்படித்தான், சுழலும்போது சிதறிவிடும்.

மின்சாரமே இல்லாமல் ஒரு நல்ல சோதனை உண்டு. மோட்டாரின் இரண்டு கட்ட முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்து, கையால் சுண்டிவிடுங்கள். எண் எழும்பும். மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே பொருள்தான் என்பதை ஒரு பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆகும். இதைக் காட்டினால் அரை நிமிடம்.

லேசர் தலையில் வேறு என்ன இருக்கிறது?

கண்ணால் பார்க்க வேண்டிய நுட்பமெல்லாம் அங்கேதான். லென்ஸின் இருபுறமும் இரண்டு சிறு காந்தங்கள். அவற்றுக்கு நடுவே நான்கோ ஆறோ மெல்லிய கம்பிகளில் தொங்கும் சுருள். ஸ்பீக்கர் வேலை செய்யும் அதே முறையில், மின்சாரம் லென்ஸை மேலும் கீழும், பக்கவாட்டிலும் நகர்த்துகிறது. சிடியில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், டிவிடியில் 0.74. சுழலும்போது வட்டு அதைவிடப் பல மடங்கு தள்ளாடும். ஆனாலும் லென்ஸ் தடத்தை விடுவதில்லை. திரும்பி வரும் ஒளி நான்கு பகுதிகளாகப் பிரிந்த ஓர் ஒளியுணரியில் விழுகிறது. குவியம் சரியாக இருந்தால் வட்டமாகவும், தவறினால் ஒரு பக்கம் சாய்ந்த நீள்வட்டமாகவும் விழும். நான்கு பகுதிகளையும் ஒப்பிட்டு லென்ஸ் உடனே திருத்திக்கொள்கிறது. இந்த நுட்பத்தை நம்பித் தைவானில் ஆய்வாளர்கள் டிவிடி தலையையே உணரியாகக் கொண்டு அணுவிசை நுண்ணோக்கி செய்திருக்கிறார்கள்.

நமக்கு எளிதில் பயன்படுவது லென்ஸ். முள்கவ்வியால் அதன் பிளாஸ்டிக் சட்டத்தோடு எடுத்து, கைபேசிக் கேமராவின் மேல் இருபுறமும் ஒட்டும் நாடாவால் பொருத்தினால் அருமையான உருப்பெருக்கி. பார்க்கும் பொருள் லென்ஸுக்கு ஓரிரண்டு மில்லிமீட்டர் தொலைவில் இருக்க வேண்டும்.

காந்தங்கள் சிறியவை, ஆனால் நியோடிமியம் வகை. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவற்றை மூடிய டப்பாவில் வையுங்கள். இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அது அறுவைச் சிகிச்சையில் போய் முடியும்.

மற்ற சிறு பாகங்கள்?

தொடு சுவிட்சுகள், எல்இடி, ரப்பர் அதிர்வு தாங்கிகள், சுருள்வில்கள், பெரிய டிரைவில் தட்டை இழுக்கும் டிசி மோட்டாரும் பெல்ட்டும். டிசி மோட்டார் பள்ளித் திட்டங்களுக்கு உடனே உதவும். நுண்ணிய திருகாணிகளைக் கட்டாயம் சேர்த்து வையுங்கள், லேப்டாப் பழுதின்போது தேடுவீர்கள்.

போர்டில் தங்கம் இருக்கிறதாமே?

தொடுமுனைகளில் மிக மெல்லிய பூச்சாக இருக்கிறது. வீட்டில் அமிலம் வைத்து அதை எடுக்க முயல்வது நுரையீரலையும் கண்ணையும் பணயம் வைப்பது. ஒரு டிரைவில் கிடைப்பதைக் கொண்டு அந்த அமிலத்தைக்கூட வாங்க முடியாது.

மிச்சமாகும் போர்டையும் கூட்டையும் என்ன செய்வது?

மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின்படி தயாரிப்பாளர்களுக்கும் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. செம்புக்காக ஒயர்களை எரிப்பவர்களிடம் மட்டும் கொடுக்காதீர்கள். பிவிசி எரியும் புகையில் டயாக்ஸின் என்ற நஞ்சு இருக்கிறது; அதைச் சுவாசிப்பவர் பெரும்பாலும் எரிப்பவரும் அவருடைய பிள்ளைகளும்தான்.

என்னிடம் ஒரே ஒரு டிரைவ்தான் இருக்கிறது. வரைபொறிக்கு இரண்டு வேண்டுமே?

ஒன்றை வைத்தே செய்யக்கூடிய, எனக்கு மிகவும் பிடித்த பொருளைச் சொல்கிறேன்: கைபேசி நுண்ணோக்கிக்குக் குவியம் சரிசெய்யும் மேடை.

லென்ஸைக் கேமராவில் பொருத்தியதும் வரும் தொல்லை கைநடுக்கம். அவ்வளவு அருகில் குவியத்தின் ஆழம் மிகச் சிறியது. மூச்சு விட்டாலே படம் கலங்கிவிடும். நகர்வுப் பொறியைச் செங்குத்தாக ஒரு மரத்துண்டில் திருகுங்கள். லேசர் தலையைக் கழற்றிவிட்டு, அது உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் தகட்டை ஒட்டுங்கள். பார்க்கும் பொருள் அந்தத் தகட்டின் மேல் இருக்கும். கைபேசியை மேலே அசையாத இரண்டு கட்டைகளின் மேல் படுக்க வையுங்கள். ஆர்டுயினோவில் இரண்டு பொத்தான்கள்: ஒன்று மேலே, ஒன்று கீழே. பதினாறு நுண்படிகள் வைத்தால் ஓர் அழுத்தத்துக்குத் தகடு கணக்குப்படி 0.01 மில்லிமீட்டருக்கும் குறைவாக நகரும். தண்டின் புரியில் கொஞ்சம் தளர்வு இருப்பதால் எப்போதும் ஒரே திசையில், கீழிருந்து மேலாக நகர்த்திக் குவியம் பிடியுங்கள். பொருளுக்குப் பக்கவாட்டிலிருந்து ஒரு எல்இடி வெளிச்சம் போதும். டிரைவின் முன்முகத்திலிருந்து எடுத்த எல்இடியையே நான் பயன்படுத்துகிறேன்.

முதல் நாள் உப்பையும் சர்க்கரையையும் வைத்துப் பாருங்கள். அடுத்து வேட்டிக் கரையின் நூல், எறும்பின் தலை. சித்திரையில் வேம்பு பூக்கும்போது ஒரு பூவைத் தட்டில் தட்டி, உதிரும் மகரந்தத்தை வையுங்கள். வெறும் மஞ்சள் தூளாகத் தெரிந்தது, ஆறேழு அழுத்தங்களுக்குப் பிறகு தனித்தனி மணிகளாகப் பிரிந்து நிற்கும்.